ஒழுங்கை வெள்ளத்துக்கு யார் பொறுப்பு? பணம் சேர்ப்பதற்கு முன் வாசியுங்கள்

வலிகாமத்தில், பிரதான வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில், முதிய தாயாருடன் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

“எங்கள் ஒழுங்கையில் பதினெட்டு வீடுகள் உள்ளன. மூன்று ஆண்டுகளுக்கு முன் தார்க் காபெற் போட்டதன் பின்னர் ஒழுங்கை எங்கள் படலையடியை விட ஓரடி உயர்ந்துவிட்டது. முகப்பில் புதிதாக வீடு கட்டியவர், வாகனம் உள்ளே வருவதற்காக வெள்ளவாய்க்காலுக்குள் ஆறங்குலக் குழாயொன்றை வைத்து மேலே கொங்கிறீட் போட்டுவிட்டார். கடந்த இரண்டு கார்த்திகை மாதங்களிலும் முற்றத்தில் முழங்காலளவு வெள்ளம். கிணற்று நீரும் நிறம் மாறுகிறது. பிரதேச சபையில் தனக்கு ஆட்களைத் தெரியும் என்று சொல்லும் ஒருவர், வீட்டுக்கு இருபத்தையாயிரம் ரூபா சேர்த்துக் கொடுத்தால் வாய்க்காலை வெட்டுவித்துத் தருவதாகக் கூறுகிறார். ஒப்பந்தகாரர் ஒருவர் வளவுக்கு இரண்டடி கிறவல் போட்டு உயர்த்தச் சொல்கிறார். யாருடைய சொல்லைக் கேட்பது?”

இருவருடைய சொல்லையும் கேட்க வேண்டாம். காரணங்களை விளங்கச் சொல்கிறேன், ஏனெனில் இந்தக் கடிதத்தை ஏறக்குறைய இதே சொற்களில் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் எனக்கு எழுதுகிறார்.

முதலில் உங்கள் முற்றத்துக்கு வரும் தண்ணீரின் அளவைப் பாருங்கள். ஒரு பரப்புக் காணியில் (ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) நூறு மில்லிமீற்றர் மழை பெய்தால் அதன் அளவு ஏறத்தாழ இருபத்தையாயிரம் லீற்றர். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஒரே நாளில் நூறு மில்லிமீற்றர் பெய்வது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது அதற்கு மேலேயும் கண்டோம். பதினெட்டு வீடுகளுக்கும் சராசரியாக இரண்டு பரப்பு என்று வைத்துக்கொண்டால், அத்தகைய ஒரு நாளில் உங்கள் ஒழுங்கையின் இரு பக்கத்திலும் விழுவது ஒன்பது இலட்சம் லீற்றர் தண்ணீர். அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். மண் ஏற்கெனவே ஊறியிருந்தால், அல்லது முற்றம் முழுவதும் கல் பதித்திருந்தால், மிகுதி முழுவதும் வாய்க்காலைத் தேடித்தான் வரும்.

இனி முகப்பில் உள்ள அந்தக் குழாய். ஒழுங்கை வாய்க்கால்கள் பல ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்டவை. அத்தகைய வாய்க்காலுக்குள் ஆறங்குலக் குழாயை வைத்தால், தண்ணீர் போகும் வழி பதினொன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். குழாய் புதிதாகவும் துப்புரவாகவும் இருக்கும்போது உள்ள கணக்கு இது. ஒரு சொப்பிங் பை, ஒரு பனங்கொட்டை, மதில் கட்டியபோது எஞ்சிய இரண்டு சீமெந்துக் கட்டி ஆகியவை சேர்ந்தால் அதுவும் அடைபட்டுவிடும். மேலே கொங்கிறீட் இருப்பதால் கைவிட்டு எடுக்கவும் இயலாது. வாய்க்காலுக்கு மேலால் வாகனம் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாய்க்காலின் முழு அகலத்தையும் விட்டு, கம்பி வைத்து வார்த்த கொங்கிறீட் பலகைகளைக் கழற்றி எடுக்கக்கூடியவாறு மேலே போட்டால் போதும். இரண்டு பேர் அலவாங்கால் நெம்பித் தூக்கி, உள்ளே மண் எடுத்து, மீண்டும் வைத்துவிடலாம். செலவில் பெரிய வேறுபாடு கிடையாது. வீட்டுக்கு வரைபடம் கீறுபவர்கள் படலைக்கு வெளியே ஒரு கோடும் கீறுவதில்லை என்பதால்தான் இந்தப் பிழை ஒழுங்கைக்கு ஒழுங்கை நடக்கிறது.

கிறவல் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒரு பரப்பை இரண்டடி உயர்த்த ஐம்பத்துநான்கு கியூபுக்கு மேல் (ஒரு கியூப் நூறு கன அடி) வேண்டும்; அமுக்கினால் இன்னும் கூடும். இரண்டு பரப்புக்கு எத்தனை ரிப்பர் மண் என்பதை அந்த ஒப்பந்தகாரரிடமே கேட்டுப் பாருங்கள், அவர் ஏன் இந்த யோசனையைச் சொன்னார் என்பது விளங்கும். உயர்த்திய பின் உங்கள் வீட்டின் நிலம் முற்றத்தை விடப் பதிந்துவிடும், மலசலகூடக் குழி நிலமட்டத்துக்குக் கீழே ஆழப் போய்விடும், உங்களிடமிருந்து தள்ளப்பட்ட தண்ணீர் பக்கத்து வளவில் ஏறும். அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டார் இரண்டரை அடி உயர்த்துவார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில், இப்படிப் போட்டியாக உயர்த்திய ஒழுங்கைகளில் எவருடைய பணம் தப்பியது என்பதை நான் நேரில் பார்த்தேன். கடைசியாக உயர்த்திய ஒரு வீட்டைத் தவிர மற்ற எல்லா வீடுகளுக்கும் தண்ணீர் போனது.

பணம் கேட்பவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் வெள்ளத்தை விட இவர்களால் எங்கள் மக்கள் இழக்கும் பணம் அதிகம். பிரதேச சபை பணம் பெறுவதானால் அலுவலகக் கருமபீடத்தில், பற்றுச்சீட்டுடன் மட்டுமே பெறும். பொது வாய்க்காலைத் துப்புரவு செய்வதற்கு வீட்டுக்கு வீடு கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதற்காகத்தான் நீங்கள் சபைக்குச் சோலைவரி (ஆதனவரி) கட்டுகிறீர்கள். நான் சபைப் பணியில் இருந்தபோது, ஓர் ஐப்பசி மாதக் காலையில், மூன்று பெண்கள் அப்பியாசக் கொப்பியில் இருந்து கிழித்த தாளொன்றோடு கருமபீடத்துக்கு வந்தார்கள். தாளில் பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை, கீழே ஒரு கையொப்பம். “மீதிக் காசைக் கட்ட வந்தனாங்கள், வேலை நல்லாச் செய்தவை” என்றார் மூத்தவர். அவர்களுடைய ஒழுங்கை அந்த மாத வேலைப் பட்டியலில் நான்காவதாக முன்பே எழுதப்பட்டிருந்தது. தொழிலாளர்கள் வழக்கம்போலப் போய் மண் எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். பட்டியலைப் பார்த்து அறிந்த ஒருவன், அதற்கு ஒரு வாரம் முன்னதாகப் போய்ப் பணம் சேர்த்திருக்கிறான். பட்டியலை அவனுக்குக் காட்டியது யார் என்று நான் கேட்டேன். இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

இவர்களுடைய வழி எப்போதும் ஒன்றுதான்: எப்படியும் நடக்க இருக்கும் வேலையைத் தாங்கள் நடத்தியதாகக் காட்டுவது. வேலை நடக்காவிட்டால், “மேலிடத்தில் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள்” என்பார்கள். உண்மையிலேயே அந்தப் பணத்தில் ஒரு பங்கு உத்தியோகத்தர் ஒருவருக்குப் போகுமானால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் வாங்கியவரைப் போலவே கொடுத்தவரும் குற்றவாளி. இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தகையோர் வெற்றுத்தாளில் கையொப்பம் கேட்பார்கள், “கோப்புக்குத் தேவை” என்று காணி உறுதியின் பிரதியைக் கேட்பார்கள். வாய்க்காலில் மண் எடுப்பதற்கு எவருடைய உறுதியும் தேவையில்லை. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் காணிகளில் நடக்கும் உறுதி மோசடிகள் பல, இப்படிக் கைமாறிய ஒரு பிரதியில் இருந்துதான் தொடங்குகின்றன. உறுதியின் பிரதியை வாசலில் வந்து கேட்பவர் எவருக்கும் கொடுக்க வேண்டாம். ஒழுங்கையில் உள்ள மற்றப் பதினேழு வீட்டாருக்கும் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

யாரிடம் போவது என்ற கேள்விக்கு வருகிறேன். பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், அடுத்த தரத்தில் உள்ளவை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும், உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி சபையிடமும் உள்ளன. வயல் வாய்க்காலானால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. உங்கள் ஒழுங்கை வாய்க்காலைச் சபை துப்புரவு செய்து, அது போய்ச் சேரும் பிரதான வீதி மதகை மற்ற அலுவலகம் துப்புரவு செய்யாவிட்டால், தண்ணீர் திரும்பி உங்கள் முற்றத்துக்கே வரும். முப்பது ஆண்டுகளாக இதைக் கூட்டங்களில் சொல்லி வந்தேன். ஒரே நாளில், ஒரே பட்டியலை வைத்து, நான்கு அலுவலகத்தாரும் ஒரு வாய்க்காலை மேலிருந்து கீழ்வரை நடந்து பார்ப்பதற்கு என்ன தடை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

உங்கள் நிலையில் முதற்கடிதம் பிரதேச சபைத் தவிசாளருக்கு, அதன் பிரதியொன்று சபைச் செயலாளருக்கு. பிரதேச சபைகளுக்கான 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பாதைகளையும் சபையின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை சபைகளில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை; உங்கள் கடிதங்களுக்குப் பதில் வராததற்கு அது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருக்கலாம். இப்போது வட்டார உறுப்பினர் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆனால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதோடு நிற்க வேண்டாம். கடிதம் பதிவுத் தபாலில் போக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கை நீங்கள் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். உங்கள் ஒழுங்கை சபைக்குரியதா, தனியாருக்குரியதா? ஒழுங்கைக்குப் பெயர்ப்பலகை இருப்பதோ, மின்கம்பம் நிற்பதோ இதற்குச் சான்று ஆகாது. யாழ்ப்பாணத்தில் பல ஒழுங்கைகள், ஒரு பெரிய வளவைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுத்தபோது, உள்ளே உள்ள துண்டுகளுக்குப் போகும் வழியாக விடப்பட்டவை. அத்தகைய ஒழுங்கை அதன் பங்காளருக்குரியது. பொதுப் பணத்தை அதில் செலவிட்டால் கணக்காய்வில் கேள்வி வரும் என்று சபை தயங்கும். உங்கள் உறுதியில் “வழிவாய்க்கால் உரித்து” என்ற சொல் இருக்கும்; அதைக் காட்டி, வெள்ளவாய்க்கால் எங்களுக்குரியது என்று வாதாடுவோர் உண்டு. பழைய உறுதிகளில் அந்தச் சொல் பெரும்பாலும் குறிப்பது, பங்குக் கிணற்றுக்குப் போகும் வழியையும், துலாவால் இறைத்த நீர் தோட்டத்துக்குப் பாயும் வாய்க்காலையுமே. மழைவெள்ளம் வேறு விடயம்.

தனியார் ஒழுங்கை என்று தெரியவந்தால், பங்காளர் அனைவரும் அதைச் சபைக்கு எழுதிக் கொடுக்கலாம். சபை ஏற்றுக்கொண்டபின் அதன் பராமரிப்பும் சபையுடையது. சிக்கல் “அனைவரும்” என்ற சொல்லில் இருக்கிறது. ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் இறந்து பிள்ளைகள் ஐந்து பேர் என்றால், ஒவ்வொருவரிடமும் சம்மதம் பெற வேண்டும். வெளிநாட்டில் உள்ளவர் இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரம்) கொடுத்துச் செய்யலாம், ஆனால் அந்தத் தத்துவத்தில் இந்தக் குறித்த ஒழுங்கைத் துண்டை நன்கொடையாகக் கொடுக்கும் அதிகாரம் மட்டும் எழுதப்பட வேண்டும். “எனது சகல ஆதனங்களையும்” என்று எழுதுவித்து, ஒழுங்கையோடு வளவையும் விற்றுவிட்டவர்களை நான் அறிவேன். மேலும், தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு) உட்பட்ட மணமான பெண் தன் அசைவற்ற ஆதனத்தை உயிரோடு இருக்கும்போது கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அரைப் பரப்பும் வராத ஒழுங்கைத் துண்டுக்கும் இது பொருந்தும். சீதனமாக வந்த காணியில் பெண்களே உரிமையாளர்கள் என்பதால், இந்தச் சம்மதம் இல்லாமல் எழுதிய உறுதி பின்னாளில் செல்லாமற் போகலாம். ஆகவே தரகரை நம்பாமல், நீங்கள் அறிந்த நொத்தாரிசு ஒருவரிடம் நேரே செல்லுங்கள். இருந்தாலும் உங்கள் ஒழுங்கையில் காபெற் போட்டது பொதுப் பணத்தில் என்றால், அது சபையின் வீதிப் பதிவேட்டில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அதை உறுதிப்படுத்துவதற்கு எவருடைய தயவும் வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா, அகலம் எவ்வளவு எனப் பதியப்பட்டுள்ளது? இதன் வாய்க்கால் கடைசியாகத் துப்புரவு செய்யப்பட்ட திகதி என்ன, அடுத்த முறை எப்போது? முகப்பில் வாய்க்காலுக்குள் குழாய் வைப்பதற்கு அனுமதி வழங்கப்பட்டதா, வழங்கப்பட்டிருந்தால் அதன் பிரதி? ஏன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. “எங்களுக்கு வாய்க்கால் கட்டித் தாருங்கள்” என்று கேட்டால் மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, அடுத்த ஆண்டு என்று கோப்பு நகரும். “கடைசியாக எப்போது மண் எடுத்தீர்கள்” என்று கேட்டால் பதில் ஒரு திகதியாகத்தான் இருக்க முடியும்.

முகப்பு வீட்டாரிடம் முதலில் நீங்களே பேசுங்கள், அளவுநாடாவோடு போங்கள். தன் குழாயால் பதினேழு வீட்டுத் தண்ணீர் மறிபடுகிறது என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். சபை அறிவித்த பின்னும் அவர் அகற்ற மறுத்தால், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்கீழ், பொதுவழியையோ வாய்க்காலையோ மறிக்கும் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். அயலவருடன் நீதிமன்றம் போவது கடைசி வழி.

கிணறு பற்றி. எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேர்கிறது. கீழே சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளில், உவர்நீருக்கு மேல் மிதக்கும் மழைநீரைத்தான் நாம் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். வாய்க்கால் என்பது தண்ணீரைக் கடலுக்கு விரட்டும் வழி மட்டுமன்று. அதைக் குளத்துக்குக் கொண்டுபோய், அங்கே தங்கி மெல்ல நிலத்துக்குள் இறங்கச் செய்யும் வழியும் அதுவே. வாய்க்கால் அடைபட்டால் அந்தத் தண்ணீர் மலசலகூடக் குழிகளையும் மாட்டுக் கொட்டில்களையும் கழுவிக்கொண்டு கிணற்றுக்குப் போகிறது. மணல் வடிப்பதுபோல வெடித்த கல் எதையும் வடிக்காது. தாளையடியில் 2024 ஓகஸ்டில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டபின், குழாய்நீர் வரும்தானே, கிணறு எதற்கு என்று கேட்போர் இருக்கிறார்கள். உங்கள் தாயார் இன்று குடிப்பது கிணற்று நீரைத்தான். வெள்ளம் வடியும்வரை அந்த நீரைக் குடிக்க வேண்டாம். வடிந்தபின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவியுங்கள், அதன் பின்னரும் சில நாள் கொதிக்க வைத்துக் குடியுங்கள். நிலம் ஊறியிருக்கும்போது கிணற்றை அடிவரை இறைக்க வேண்டாம். சுற்றியுள்ள அழுக்கு நீரே உள்ளே இழுபடும், பழைய கட்டானால் சரியவும் கூடும். பச்சிளங் குழந்தை உள்ள வீட்டார், மலக்குழியிலிருந்தும் உரத்திலிருந்தும் கிணற்றில் சேர்ந்து குழந்தைக்குத் தீங்கு செய்யும் நைத்திரேற்று, கொதிக்க வைப்பதால் நீங்காது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

1950களில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்கத் தடுப்பணைகள் கட்டினார்கள். கட்டிய பொறியியலாளர்களின் அறிவில் குறை இருக்கவில்லை. மரக்கதவுகள் உக்கியபோது மாற்ற ஆளில்லாததால், உப்பு மீண்டும் உள்ளே வந்தது. ஒரு கதவுக்குப் பலகை மாற்றும் செலவு, அணை கட்டும் செலவில் எத்தனையில் ஒரு பங்கு என்று எண்ணிப் பாருங்கள். இன்றும் புதிய வீதிக்கு நிதி வருகிறது, திறப்புவிழாக் கல் நாட்டப்படுகிறது. அந்த வீதியின் மதகில் ஆண்டுக்கு இருமுறை மண் எடுக்கும் நான்கு தொழிலாளர்களுக்குச் சம்பளம் ஒதுக்கச் சொன்னால் பதவியணி இல்லை என்று பதில் வருகிறது. நிதியாண்டு டிசெம்பரில் முடிவதால், ஆண்டு முழுவதும் தூங்கிய வேலைகள் கார்த்திகை மழைக்குள் அவசரமாகத் தொடங்குகின்றன. தண்ணீர் நிற்கும் வாய்க்காலுக்குள் கொங்கிறீட் போடுவதை நான் தடுத்திருக்கிறேன், தடுத்ததற்காக விளக்கம் எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன்.

ஆகவே உங்கள் கடிதம் ஆடி முடிவதற்குள் சபைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆவணி, புரட்டாதியில் வாய்க்கால் காய்ந்திருக்கும். மண் எடுக்கவும், குழாயைக் கழற்றிப் பலகை போடவும் அந்த இரண்டு மாதங்கள்தான் உண்டு. கடிதத்தோடு மூன்று படங்கள் இணையுங்கள்: குழாயின் வாய், அதன் குறுக்கே பிடித்த அளவுநாடாவுடன்; படலையடி, சென்ற வெள்ளத்தின் கறை மதிலில் தெரியும்படி; வாய்க்கால் பிரதான வீதி மதகில் சேரும் இடம். மூன்றாவது படத்தை எடுக்கும்போது மதகின் மறுபக்கத்தையும் குனிந்து பாருங்கள். அங்கே வெளிச்சம் தெரியாவிட்டால், அந்த வீதிக்குரிய அலுவலகத்துக்கும் அதே நாளில் இன்னொரு கடிதம் அனுப்ப வேண்டும். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பினால், என்ன அளவு மதகு வேண்டும் என்று கணக்கிட்டு எழுதுகிறேன்.